பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள்: ஜூன் மாதக் குறிப்புகள்

3 ஜூன் 2024

இந்த மாதம் முழுக்க அம்மாவைப் பேச வைத்து எழுதிக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறேன். அவளுக்கு எழுபது தாண்டிவிட்டது. கூடக் கப்பலில் வந்த அண்ணன்மார் யாரும் இப்போது இல்லை. பர்மாவைக் கண்ணால் பார்த்தவள் என்று எங்கள் குடும்பத்தில் மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான்.

பர்மாவில் பெகு என்ற ஊரில் தாத்தாவுக்கு மளிகைக் கடை. 1962 மார்ச்சில் நே வின் ராணுவத்தோடு வந்து ஆட்சியைப் பிடித்தபோது இவர்களுக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லையாம், வியாபாரம் வழக்கம்போல நடந்தது. அடுத்த வருடம் வங்கிகளை அரசுடைமை ஆக்கினார்கள், 1964-இல் கடைகள். ஒரு நாள் சீருடைக்காரர்கள் வந்து இருப்பைக் கணக்கெடுத்துச் சாவியை வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான், அப்புறம் அது தாத்தா கடை இல்லை. அதே வருடம் மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. தாத்தா சேர்த்ததையெல்லாம் நோட்டாகவே வைத்திருந்தவர். "அன்னைக்கு அப்பா யார்கிட்டயும் பேசல. ரெண்டு நாள் கழிச்சுக் கப்பலுக்குப் பேர் கொடுத்துட்டு வந்துட்டார்" என்கிறாள் அம்மா.

இதில் என்னை உலுக்கியது இன்னொரு விஷயம். தாத்தாவின் அண்ணன் 1942-இல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது அராக்கன் மலை வழியாக நடந்தே இந்தியாவுக்கு வந்தவர். அந்த நடையில் ஆயிரமாயிரம் பேர் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே செத்தார்கள். இவர் தப்பித்து வந்து, சண்டை முடிந்ததும் திரும்பிப் போய், கடையை முதலிலிருந்து கட்டினார். அதையும் சேர்த்துத்தான் 1964-இல் விட்டுவிட்டு வந்தார்கள்.

8 ஜூன்

இன்று பீச் ஸ்டேஷனில் இறங்கி ராஜாஜி சாலையில் பர்மா பஜார் வழியாகப் பாரிமுனை வரைக்கும் அம்மாவோடு மெதுவாக நடந்தேன். ஒரு பக்கம் துறைமுகம், சுங்க மாளிகை, ரிசர்வ் வங்கி. அதே சாலையின் நடைபாதையில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு சின்னச் சின்னக் கடைகள். கப்பலிலிருந்து இறங்கிய சனம் அதே துறைமுகத்தின் வாசலிலேயே கடை போட்டது என்பதை நின்று பார்த்தால்தான் புரிகிறது. வந்த புதிதில் கொண்டுவந்த சாமான்களை, லுங்கி, சட்டைத்துணி, பாத்திரம் எது கிடைத்தாலும், தரையில் விரித்து விற்றார்கள். 1969-இல் அது முறையான சந்தையானது. அதற்குப் பிறகு வெளிநாட்டு சென்ட், டேப் ரிக்கார்டர், கேசட், விசிஆர், இப்போது செல்போன் கவர், சார்ஜர். எங்கள் தலைமுறையில் சென்னையில் வளர்ந்தவர்கள் வீட்டில் பர்மா பஜாரில் வாங்கிய சாமான் ஒன்றாவது இருந்திருக்கும்.

கடத்தல் சரக்கு, போலிச் சரக்கு என்று அந்த இடத்துக்குக் கெட்ட பெயர் உண்டு, அதில் உண்மையும் உண்டு. ஆனால் எல்லாவற்றையும் பறிகொடுத்துவிட்டு வந்த ஒரு கூட்டம் அரசு வேலைக்காகக் காத்து நிற்காமல், நாலடி இடத்தில் நின்று பிள்ளைகளைப் படிக்க வைத்ததே, அதை யாரும் முதலில் சொல்வதில்லை. என் பெரிய மாமா அங்கேதான் கடிகாரம் பழுது பார்த்தார். அம்மா அந்த இடத்தைக் காட்டினாள், இப்போது இயர்போன் கடை இருக்கிறது, உள்ளே இருந்த பையனுக்கு பர்மா எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

9 ஜூன்

நேற்று எழுத விட்டுப்போனது, சாப்பாடு. பஜாருக்கு எதிரே செகண்ட் லைன் பீச் தெருப் பக்கம் சாயங்காலம் ஆனால் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் வண்டிகள் வந்து நின்றுவிடும். மஞ்சளாகத் தடித்த நூடுல்ஸ், பொடிப்பொடியாக நறுக்கிய கோஸ், வெங்காயம், பூண்டு வதக்கிய எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், மேலே பேஜோ என்கிற மொறுமொறுப்பான பொரியலை நொறுக்கிப் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். கூடவே கிண்ணத்தில் வாழைத்தண்டு சூப், கேட்டால் இன்னொரு கரண்டியும் ஊற்றுவார்கள். அவித்த முட்டையைக் கீறி உள்ளே பொரித்த வெங்காயம், பூண்டு, புளி வைத்துத் தருவது தனி. சூப்பை ஊற்றி நூடுல்ஸோடு சாப்பிட்டால் அது மொய்ங்கா.

அம்மா சொல்வது: பர்மாவில் மொய்ங்கா மீன் போட்டுத்தான் செய்வார்கள், நாப்பி என்கிற புளிக்கவைத்த மீன் விழுதின் வாசனை தெருமுனை வரைக்கும் வரும். இங்கே வந்து மீனை எடுத்துவிட்டுச் சைவமாக மாற்றியது எல்லாரும் வாங்கிச் சாப்பிட வேண்டும் என்பதற்காக. எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்த விஷயம். பிழைக்க வந்தவர்கள் தங்கள் நாக்கையும் விடவில்லை, ஊர்க்காரர்களின் நாக்கையும் கவனித்தார்கள். வண்டியில் எங்களுக்குப் பக்கத்தில் நின்று சாப்பிட்டது துறைமுகத் தொழிலாளிகள், கல்லூரிப் பிள்ளைகள், உயர் நீதிமன்றத்துப் பக்கமிருந்து வந்த இரண்டு இளம் வக்கீல்கள். வியாசர்பாடியில் எங்கள் பழைய தெருவில் அத்தோ சாப்பிடாத குழந்தையே கிடையாது, அதில் பாதிப் பேருக்கு பர்மாவோடு எந்த உறவும் இல்லை.

16 ஜூன்

அம்மாவின் பழைய டிரங்குப் பெட்டியில் ரெப்கோ வங்கிப் பாஸ்புத்தகம் ஒன்று கிடைத்தது. பர்மா, இலங்கை ஆகிய நாடுகளிலிருந்து திரும்பியவர்களுக்காக 1969-இல் மத்திய அரசு தொடங்கிய கூட்டுறவு வங்கி அது. திரும்பி வந்தவர்களே உறுப்பினர்கள். இன்று தமிழ்நாட்டுக்கு வெளியேயும் கிளைகள் இருக்கின்றன, கடன் வாங்கப் போகிறவர்களில் பலருக்கு அது யாருக்காக ஆரம்பித்தது என்றே தெரியாது.

சென்னைக்கு வராதவர்களும் நிறைய. காரைக்குடியிலும் தஞ்சாவூரிலும் பர்மா காலனி இருக்கிறது. சிலருக்கு இங்கே மனம் ஒட்டவில்லை, தரைவழியாகத் திரும்பிப் போய்விடலாம் என்று மணிப்பூர் வரைக்கும் போனார்கள், எல்லையில் தடுத்ததால் அங்கிருக்கும் மோரே என்ற ஊரிலேயே தங்கிவிட்டார்கள். அந்த மலையூரில் தமிழ்ச் சங்கம், அங்காள பரமேஸ்வரி கோவில், இட்லி தோசைக் கடை எல்லாம் வந்தது அப்படித்தான். அம்மாவின் சித்தப்பா குடும்பம் அங்கே போனது, பிறகு கடிதம் நின்றுவிட்டது. அதைப் பற்றி மேலே கேட்டால் அவள் பேச்சை மாற்றுகிறாள், நானும் விட்டுவிட்டேன்.

22 ஜூன்

இன்று அலுவலகத் தோழியிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கும்மிடிப்பூண்டி இலங்கை அகதிகள் முகாமில் வளர்ந்தவள், அப்பா அம்மா 1990-இல் தலைமன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள், இவள் அடுத்த வருடம் இங்கே பிறந்தாள். பி.காம். முடித்து எங்கள் கணக்குப் பிரிவில் இருக்கிறாள், கணவர் பெயிண்டிங் வேலை, வார நாளில் மாலை வகுப்பு எடுத்து முகாம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். முழுதும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டாள்: "உங்க தாத்தாகிட்ட இந்தியர்னு பேப்பர் இருந்துச்சா அக்கா?"

இருந்தது. அதுதான் வித்தியாசம், வேறொன்றும் இல்லை. எங்கள் வீட்டுக்கு ஓட்டு இருந்தது, கடன் கிடைத்தது, மாமா பையன் அரசு வேலைக்குப் போனான். இலங்கையிலிருந்து 1983 முதல் வந்தவர்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இன்னும் முகாம்களில் இருக்கிறார்கள். 2021-இல் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள், புது வீடுகளும் கட்டிக் கொடுத்தார்கள், நல்லது. ஆனால் சட்டத்தின் கணக்கில் 2024-லும் அவர்கள் அனுமதியின்றிக் குடியேறியவர்களாகத்தான் இருந்தார்கள், 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தத்திலும் இலங்கை இல்லை.

2024 ஏப்ரல் மக்களவைத் தேர்தலில் திருச்சி கொட்டப்பட்டு முகாமைச் சேர்ந்த ஒரு பெண் வாக்களித்தார். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்தவர், உயர் நீதிமன்றம் போய்ப் பாஸ்போர்ட் வாங்கியவர். 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்த மண்ணில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு என்பது சட்டம். அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அப்படி இல்லை, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். என் தோழி பிறந்தது 1991. அவளுக்கு இங்கே தெரியாத பஸ் ரூட் கிடையாது, இலங்கையை அவள் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். இவர்களுக்குக் குடியுரிமை கொடுக்க வேண்டும், விரும்பித் திரும்பிப் போகிறவர்கள் போகட்டும், இருக்க நினைக்கிறவர்களுக்கு நாற்பது வருடக் காத்திருப்பு போதும்.

அம்மாவிடம் அவளைப் பற்றிச் சொன்னேன். அடுத்த ஞாயிறு குடும்பத்தோடு வரச் சொல் என்றாள்.