ஏழு குவார்ட்டர்

நியூயார்க் குயின்ஸில், நடைபாதைக்கு கான்கிரீட் போடும் கம்பெனி ஒன்றில் எஸ்டிமேட் எழுதுவது என் வேலை. கையில் டேப், சாக்பீஸ். பாக்கெட்டில் ஏழு குவார்ட்டர், அதாவது 25 சென்ட் நாணயங்கள். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் கிட்டத்தட்ட அரை அங்குலம் வரும். நடைபாதையின் ஒரு சதுரம் (நாங்கள் ஃபிளாக் என்போம்) அடுத்ததைவிட அரை அங்குலம் தூக்கி நின்றாலே இந்த ஊரில் அது குறைதான்; வீட்டுக்காரர் சரிசெய்ய வேண்டும். டேப்பை நம்பாதவர்கள்கூட நாணயத்தைப் பார்த்தால் அடங்கிவிடுவார்கள்.

ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் பக்கம் ஒரு அம்மா. சிட்டி நோட்டீஸ் வந்திருந்தது, 75 நாள் கெடு. வாசலில் மேப்பிள் மரத்து வேர் இரண்டு ஃபிளாக்கை அப்பளம் மாதிரி தூக்கிவிட்டிருந்தது.

"ரோடு சிட்டியோடது, மரமும் சிட்டியோடது. நடைபாதை மட்டும் எப்படி தம்பி என் தலையில விழுந்துது?"

வாராவாரம் கேட்கிற கேள்விதான், இன்னும் எனக்கு நல்ல பதில் இல்லை. மரம் மட்டுமே காரணம் என்றால், பழுது பார்த்த செலவை இப்படிச் சின்ன வீடுகள் மேல் கடனாகப் பதிவதை நகரம் 2019-இல் நிறுத்திவிட்டது. அதைச் சொன்னதும் முகம் தெளிந்தது. ஆனால் கேட்டருகே விரிசல் விட்டிருந்த மூன்றாவது ஃபிளாக்குக்கு மரத்தின் மேல் பழி போட முடியாது.

அப்புறம் காபி கொடுத்தபடியே, நியூஜெர்சியில் மகளோடு போய் இருக்கப்போவதாகவும் இரண்டு மாடியையும் வாடகைக்கு விடப்போவதாகவும் சொன்னார். எனக்குத் திக்கென்றது. பழுது பார்ப்பது வேறு, விழுந்தவருக்கு நஷ்டஈடு கொடுப்பது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்ளாதவரை நான் பார்த்ததே இல்லை. யாராவது தடுக்கி விழுந்தால் முன்பெல்லாம் வழக்கு நகரத்தின் மேல் போகும். 2003 செப்டம்பரில் அதை வீட்டுக்காரர் பக்கம் தள்ளிவிட்டார்கள். மூன்று குடும்பம் வரையிலான, குடியிருப்பாக மட்டுமே உள்ள வீட்டில் உரிமையாளரும் குடியிருந்தால் விலக்கு உண்டு. அவர் காலி செய்துவிட்டால் விலக்கும் போய்விடும்.

"அப்போ நான் பெட்டியைத் தூக்கினா, விழறவன் என் மேல கேஸ் போடலாமா?"

"போடலாம்மா. போறதுக்கு முன்னாடி இன்ஷூரன்ஸ்காரரிடம் பேசிடுங்க."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஜன்னல் வழியே பக்கத்து வீட்டைப் பார்த்தார். அங்கே முழுக்க வாடகைக்காரர்கள், உரிமையாளர் ஃப்ளோரிடாவில்.

"அந்த ஏழு காசைக் கொஞ்சம் குடு தம்பி" என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.