கூண்டுக் கணக்கு

ஜூன் 3, செவ்வாய்

கடையில் இன்று முழுக்க போட்டோகொப்பிதான். டியூஷன் டீச்சர் ஒருவர் 'கென்கென்' என்று ஒரு எண் புதிர்த் தாளைத் தந்து நாற்பது பிரதி கேட்டார். மங்கலாக விழுந்த ஒன்றை நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

நாலுக்கு நாலு கட்டம். வரிசையிலும் நிரலிலும் 1 முதல் 4 வரை ஒவ்வொன்றும் ஒரு தடவைதான். சுடோகு போலத்தான், ஆனால் இந்தத் தாளில் தொடங்க ஒரு எண்கூடப் போட்டுத் தரவில்லை. தடித்த கோட்டால் கூண்டு கூண்டாக அடைத்து, மூலையில் '6×', '3−' என்று எழுதியிருக்கும்: கூண்டுக்குள் இருக்கும் எண்களைப் பெருக்கினால் 6, கழித்தால் 3 வரணும், விடை மட்டும்தான் தருவார்கள். டிக்கோயா பஸ்ஸில் நின்றபடியே '3−' என்றால் 4, 1 என்று பிடித்துவிட்டேன். எது முன்னே எது பின்னே என்று பார்ப்பதற்குள் இறங்கும் இடம் தாண்டிவிட்டது.

ஜூன் 4

ஒரு கூண்டு உயிரை வாங்குகிறது. 'ட' மாதிரி வளைந்த மூன்று கட்டம், '4×'. மூன்று வேறு வேறு எண்ணைப் பெருக்கி 4 எப்படி வரும்? 1×2×3 போட்டாலே 6. அச்சுப் பிழை என்று தாளைக் கசக்கி எறிந்தேன்.

ஸ்கொலசிப் பரீட்சைக்குப் படிக்கும் தம்பி பிரித்துப் பார்த்தான். "அக்கா, ஒரே கூண்டுக்குள்ள ஒரே நம்பர் ரெண்டு வாட்டி வரக்கூடாதுன்னு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. வளைவின் இரண்டு முனையும் ஒரே வரிசையும் இல்லை, ஒரே நிரலும் இல்லை. முனைகளில் 2, 2, முழங்கையில் 1. அல்லது முனைகளில் 1, 1, முழங்கையில் 4. டொஃபி செலவு எனக்கு.

ஜூன் 8, ஞாயிறு

மழை. கரண்ட் இல்லை. அம்மா நேற்றுப் பறித்த தேயிலைக் கொழுந்தின் நிறை எழுதிய துண்டு நனைந்து பகல் நிறை அழிந்திருந்தது. நான் மெழுகுதிரியில் பிடித்துப் பிடித்துப் பார்க்கிறேன்.

"மொத்தம் 19 கிலோ. காலையில 6, அந்திக்கு 5. நடுவுல 8தானே, கண்ண ஏன் கெடுத்துக்கிற?" ரொட்டி தட்டிக்கொண்டே சொன்னார்.

அப்போதுதான் உறைத்தது. நாலுக்கு நாலில் எந்த வரிசையைக் கூட்டினாலும் 10. மேல் வரிசையில் இரண்டு கட்டம் '5+', அப்படியானால் மற்ற இரண்டும் சேர்ந்து 5. அந்த இரண்டோடு கீழே தொங்கும் ஒரு கட்டமும் சேர்ந்த கூண்டு '8+'. தொங்குவது 3! மேலே என்ன எண்கள் என்று இன்னும் தெரியாது, ஆனால் 3 நிச்சயம்.

ஜூன் 14, சனி

டீச்சர் மறுபடி வந்தார், இந்த முறை ஆறுக்கு ஆறு. 2004இல் ஜப்பானியக் கணித ஆசிரியர் தெட்சுயா மியாமோட்டோ உருவாக்கியதாம். விளக்கிக்கொண்டு நிற்காமல் பிள்ளைகளையே கண்டுபிடிக்க விடுவது அவர் முறையாம். எனக்கு வாய்த்த கணக்கு ஆசிரியர் விளக்கவும் இல்லை, கண்டுபிடிக்க விடவும் இல்லை.

மேல் வரிசையில் இரண்டு கட்டம் '11+', அது 5, 6தான். பக்கத்தில் செங்குத்தாக '5−', அது 1, 6. மேலே 6 போய்விட்டதால் 1 மேலே, 6 கீழே. இதுவரை ஜோர். '2÷'தான் சனியன்: 1-2, 2-4, 3-6 என்று மூன்று சோடி. அழித்து அழித்து அந்த இடத்தில் தாள் ஓட்டையாகிவிட்டது. திங்கட்கிழமை முதலாளி சாப்பிடப் போகும்போது இன்னொரு பிரதி எடுக்கணும்.