முழங்கைக்கு ஜெல்லி, மார்புக்கடியில் காற்று

எனக்கு எக்ஸிமா, அதாவது தோல் வறண்டு அரிக்கும் நோய், ஆறு வயதிலிருந்து இருக்கிறது. முழங்கையின் உள்மடிப்பும் முழங்காலின் பின்பக்கமும்தான் அதற்குச் சொந்த வீடு. தூக்கத்திலேயே சொறிந்து, காலையில் விரிப்பில் ரத்தப்பொட்டைப் பார்த்தபடி எழுவது பழகிப்போன விஷயம். வைத்தியமும் மனப்பாடம். வெதுவெதுப்பான தண்ணீரில் 10 நிமிடத்துக்குள் குளித்து, துண்டால் ஒற்றி, ஈரம் முழுக்கப் போவதற்குள் பெட்ரோலியம் ஜெல்லியை அள்ளிப் பூச வேண்டும். வறண்ட தோலுக்குள் ஈரம் தங்க வேண்டும், அவ்வளவுதான். நாற்பது வருடமாக ஒரே பாடம்.

அந்தப் பாடம்தான் என்னைக் கவிழ்த்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் உடம்பு கொஞ்சம் போட்டிருந்தது. மார்புக்கு அடியில் மடிப்பு விழும் இடத்தில் ஒரு சிவப்புக் கோடு வந்தது, கூடவே எரிச்சல். பழைய விருந்தாளி புது அறை எடுத்திருக்கிறான் என்று நினைத்து, அங்கேயும் ஜெல்லியைப் பூசினேன். நாலே நாளில் அந்த இடம் நசநசவென்று ஊறி, நடுவில் வெடித்து, ஒரு புளித்த வாடை அடிக்க ஆரம்பித்தது. சரி, காய வைக்கலாம் என்று பவுடரைக் கொட்டினேன். வேர்வையோடு சேர்ந்து அது உருண்டை உருண்டையாகத் திரண்டு, நடக்க நடக்க மணலாய் உரசியது. கடைசியில், முழங்கைக்கு எப்போதோ எழுதித் தந்திருந்த ஸ்டீராய்டு களிம்பைத் தேடி எடுத்தேன். இரண்டு நாள் அடங்கியதுபோல இருந்தது. அப்புறம் சிவப்பு படர்ந்தது. அதன் ஓரத்தைத் தாண்டியும் பொடிப்பொடியாகச் சிவந்த கொப்புளங்கள்.

இத்தனைக்கும் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் போனில் அக்காவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னபோது, "ஏன்டி, கையில வந்தா ஊருக்கே காட்டுறே, இங்க வந்தா டாக்டருக்குக்கூட காட்ட மாட்டியா?" என்று ஒரு சத்தம் போட்டாள். மறுநாளே போனேன்.

தோல் டாக்டர் ஓரத்தில் லேசாகச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். கேண்டிடா என்ற பூஞ்சை. அது பலர் உடம்பில் சும்மா இருப்பதுதானாம். தோலும் தோலும் உரசி, வேர்வை காய வழியில்லாமல், ரொம்ப நேரம் தண்ணீரில் கிடந்த விரல்போல மேல்தோல் ஊறிப்போனால் அது உள்ளே புகுந்துவிடுகிறது. "கால்விரல் இடுக்குல சேற்றுப்புண் வந்தா அதுக்கு எண்ணெய் தடவுவீங்களா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

ஸ்டீராய்டு பற்றிச் சொன்னதுதான் பயமுறுத்தியது. மடிப்பு என்பது ஏற்கெனவே கட்டுப்போட்டு மூடிய இடம் மாதிரி. மருந்து அங்கே கூடுதலாக உள்ளே இறங்கும். வீரியமானதை நாள்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, பிரசவத் தழும்புபோலக் கோடு விழும், பூஞ்சையும் வளரும். எனக்குத் தந்தது க்ளோட்ரிமசோல் என்ற பூஞ்சைக் களிம்பு, ஒரு நாளைக்கு இரண்டு வேளை, மெல்லிசாக. எரிச்சலுக்கு முதல் சில நாள் மட்டும் 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன், அதுவும் ஸ்டீராய்டுதான், ஆனால் வீரியம் குறைந்தது. ஆறிய பிறகு உரசல் படாமலிருக்க ஜிங்க் ஆக்ஸைடு களிம்பு. சர்க்கரையும் பார்க்கச் சொன்னார். திரும்பத் திரும்ப வந்தால் அது ஒரு காரணமாக இருக்கலாமாம். எனக்கு இல்லை.

இப்போது குளித்ததும் முழங்கைக்கு ஜெல்லி. அப்புறம் கையைக் கழுவிவிட்டு, ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்து மார்புக்கடியில் இரண்டு நிமிடம். ஒரு கை மேலே தூக்கியபடி இருக்கும். மகள் ஒருமுறை பார்த்துவிட்டு, "யார்கிட்டம்மா சரணடையுறே?" என்றாள். மடிப்புக்குள் பழைய பருத்தித் துணியில் கிழித்த ஒரு பட்டை. அது நனைந்தால் உடனே மாற்றியாக வேண்டும், நனைந்த துணியை அப்படியே விட்டால் துணியில்லாததைவிட மோசம். சாதாரண சோப்பை இரண்டு இடத்துக்குமே நிறுத்திவிட்டேன். தோல் லேசாக அமிலத்தன்மை உள்ளது, சோப்போ காரம். வாசனையில்லாத மென்மையான க்ளென்சர் போதுமாக இருக்கிறது.

இன்னமும் குழப்புவது முழங்காலின் பின்பக்கம்தான். அது எக்ஸிமாவின் இடமும்கூட, மடிப்பும்கூட. புழுக்கமான நாளில் அங்கே கெட்டிக் களிம்பைப் பூசிவிட்டு உட்கார்ந்தால், வேர்வை அடைத்துக்கொண்டு அரிப்பு இரட்டிப்பாகும். அதனால் தொட்டுப் பார்க்கிறேன். சொரசொரவென்றிருந்தால் ஜெல்லி. பிசுபிசுத்தால் முதலில் காற்று, பிறகு லேசான க்ரீம். மஞ்சளாகப் பொருக்குக் கட்டினால் என் கைவைத்தியம் எதுவும் கிடையாது, நேராக டாக்டர்தான்.

போன வாரம் ஒரு நீண்ட பயணம். எட்டு மணி நேரம் ஒரே இருக்கை. வீட்டுக்கு வந்து பார்த்தால் அதே சிவப்புக் கோடு. கை தன்னாலேயே ஜெல்லி டப்பாவுக்குத்தான் போனது. மூடியைத் திறந்தும்விட்டேன். அப்புறம் மூடி வைத்துவிட்டு டிரையரைத் தேடினேன்.