கீரைப் புரதமும் அரை மோலார் உப்பும்

இரண்டு கிலோ பாலக் கீரையைக் குளிர் அறையில் அரைத்து, வடிகட்டி, சுழற்றித் தெளியவைத்து, டிஇஏஇ செல்லுலோஸ் என்ற நேர்மின் தூள் அடைத்த குழாயில் விட்டால் செங்காவி நிறத்தில் ஒரு பட்டை தங்கும். அதுதான் ஃபெரடாக்சின் என்ற புரதம். 97 அமினோ அமிலங்கள், இரண்டு இரும்பு, இரண்டு கந்தகம். ஒளிச்சேர்க்கையில் ஒளித்தொகுதி-1 (Photosystem I) என்ற புரதக் கூட்டத்திடம் ஒரு எலக்ட்ரானை வாங்கி எஃப்.என்.ஆர். என்ற மஞ்சள் நொதியிடம் சேர்ப்பது இதன் வேலை. அந்த ஜோடி எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்று அளப்பது என் வேலை.

முறை எளிதுதான். ஒரு குவெட்டில் (ஒளி ஊடுருவும் சிறு அளவீட்டுக் குப்பி) எஃப்.என்.ஆர்., இன்னொன்றில் வெறும் பஃபர் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசல்). இரண்டிலும் ஒரே அளவு ஃபெரடாக்சினைச் சிறுகச் சிறுகச் சேர்க்க வேண்டும். இரண்டும் ஒட்டினால் நிறமாலை லேசாக மாறும். அந்த வித்தியாசம் கோடாக எழும்பும். எனக்கு மூன்று வாரமாக எதுவும் எழும்பவில்லை. புரதம் கெட்டுவிட்டதென்று நினைத்து மறுபடியும் கீரை அரைத்தேன். விடுதிச் சாப்பாட்டில் கீரையைப் பார்த்தாலே எரிச்சல் வந்த காலம் அது.

ஒருநாள் ஆய்வகத்து அக்கா எட்டிப் பார்த்து, "உப்பை எடுத்தியாடா?" என்றார். எடுக்கவில்லை. குழாயிலிருந்து ஃபெரடாக்சினை இறக்க அரை மோலார் உப்பு விட்டிருந்தேன். உப்பு இருந்தால் அது கெடாமலும் இருக்கும் என்று சோதனையையும் அதே பஃபரில்தான் செய்துகொண்டிருந்தேன். ஃபெரடாக்சினின் மேல்பரப்பில் எதிர்மின் அமிலங்கள், எஃப்.என்.ஆரில் நேர்மின் கொண்ட லைசினும் ஆர்ஜினினும். ஒன்றையொன்று இழுப்பதே அந்த மின்னேற்றம்தான். நான் போட்ட உப்பு அயனிகள் நடுவில் திரை கட்டிவிட்டன. குழாயிலிருந்து புரதத்தைக் கழற்றிய அதே உப்பு கூட்டாளியிடம் மட்டும் விட்டுவைக்குமா?

ராத்திரி முழுக்க டயாலிசிஸ் செய்து, அதாவது சவ்வுப் பை வழியாக உப்பைக் கசியவிட்டு, உப்பே இல்லாமல் அளந்தேன். இப்போது வேறு தொல்லை. சேர்த்ததெல்லாம் ஒட்டியது. கோடு நேராக ஏறி, ஒன்றுக்கு ஒன்று ஆனதும் சட்டென்று மடங்கிப் படுத்துவிட்டது. அதில் விகிதம் தெரியும், இறுக்கம் தெரியாது. ஐம்பது மில்லிமோலார் உப்பில்தான் அளக்கத் தோதான வளைவு கிடைத்தது.

இறுக்கமாக ஒட்டினால் நல்லதுதானே என்று அதுவரை நினைத்திருந்தேன். ஆனால் எஃப்.என்.ஆர். என்.ஏ.டி.பி. என்ற மூலக்கூறை என்.ஏ.டி.பி.ஹெச் ஆக்க இரண்டு எலக்ட்ரான் வேண்டும்; ஃபெரடாக்சின் சுமப்பதோ ஒன்றுதான். முதலாவது இறங்கிப் போனால்தானே அடுத்தது வந்து உட்காரும்? 2001இல் வெளியான மக்காச்சோள ஜோடியின் படிக அமைப்பை அச்செடுத்து மேசையில் ஒட்டியிருந்தேன். அதில் இரண்டும் கட்டிக்கொண்டு நிற்கும். பிரிவது படத்தில் வராது.

அப்புறம் என்.ஏ.டி.பியை முன்னதாகவே கலந்துவைத்து அதே அளவீட்டைத் திரும்பச் செய்தேன். அதே உப்பு, அதே புரதம். வளைவு முன்பைவிடச் சோம்பலாக ஏறியது. எலக்ட்ரானுக்காகக் காத்திருக்கும் மூலக்கூறு உள்ளே வந்ததும், எஃப்.என்.ஆர். ஃபெரடாக்சின் மேல் வைத்த பிடியைத் தளர்த்திவிட்டது.