சிரிப்புக்குள் ஒளித்த தடயம்

பழம்பொருள் வணிகத்தைக் களமாகக் கொண்ட நகைச்சுவை மர்ம நாவல் ஒன்றை அண்மையில் எழுதி முடித்தேன். கோஸி மிஸ்டரி எனப்படும் இவ்வகையில் கொலை கண்முன் நடப்பதில்லை. துப்புத் துலக்குபவரும் காவல்துறையைச் சேர்ந்தவர் அல்லர். ரத்தத்தையும் துரத்தலையும் நம்பியிருக்க முடியாத கதைக்குத் தொழிலின் நுணுக்கமே துணை என்பதால், முதல் அத்தியாயத்துக்கு முன்பே அதை ஊன்றிப் படித்தேன்.

கதை நடப்பது இங்கிலாந்தில். அதற்குக் காரணம் வெள்ளி. அந்நாட்டு வெள்ளிப் பொருளில் உள்ள சிங்க முத்திரை ஆயிரத்துக்கு 925 பங்கு தூய வெள்ளி என்பதையும், எழுத்து முத்திரை அது சோதிக்கப்பட்ட ஆண்டையும் சொல்லிவிடும். 1720 முதல் 1758 வரை அங்கே வெள்ளிப் பாத்திரங்களுக்கு எடைக்கேற்ப வரி விதிக்கப்பட்டது. அதைத் தவிர்க்க நினைத்த சில கொல்லர்கள், சிறிய பொருள் ஒன்றைச் சோதனைக்கு அனுப்பி முத்திரை பெற்று, அந்த முத்திரைத் துண்டைப் பெரிய கூஜாவின் அடியில் பற்றவைத்துவிடுவார்கள். முத்திரையும் உண்மை, கூஜாவும் பழையது, இரண்டும் ஓரிடத்தில் இருப்பது மட்டுமே மோசடி. இதைப் படித்த அன்றே கதையின் முடிச்சு கிடைத்துவிட்டது: இன்றைய வணிகர்மேல் விழும் சந்தேகத்துக்குக் காரணமானவர் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே இறந்துபோனவர்.

இந்த ஒட்டுவேலையைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. வெள்ளியின்மேல் வாயால் ஊதினால் மூச்சின் ஈரம் படிந்து மங்கும். அந்த மங்கலில் பற்றவைத்த கோடு ஒரு கணம் துலங்கி மறையும். ஆகவே எதைக் கண்டாலும் எடுத்து ஊதிப் பார்க்கும் முதிய வணிகர் ஒருவரைப் படைத்தேன். விருந்துக்குப் போன வீட்டில் கரண்டியை ஊதுவார். பரிசளிப்பு விழாவில் கோப்பையை ஊதிவிட்டுத்தான் வென்றவரிடம் கொடுப்பார். ஏலத்துக்கு முந்தைய பார்வை நாளில் அவர் கூஜாவை ஊத, ஏலக்கூடத்து அம்மையார் சுகாதாரத்தைப் பற்றிப் பொரிந்து தள்ளுகிறார். எப்போதும் பதிலுக்குப் பதில் பேசும் முதியவர் அன்று மட்டும் வாய் திறக்காமல் கூஜாவை வைத்துவிடுகிறார். அந்த மௌனமே தடயம்.

இந்தக் காட்சியைத்தான் மிக அதிகமாகத் திருத்தினேன். மௌனத்தைக் காட்சியின் கடைசி வரியில் வைத்தபோது, படித்துப் பார்த்த நண்பர்கள் அங்கேயே கண்டுபிடித்துவிட்டார்கள்; கடைசி வரி மனத்தில் தங்கிவிடும் அல்லவா? அதை அம்மையாரின் வசவுக்கு நடுவே நகர்த்திய பிறகு சிரிப்பு அதை மூடிக்கொண்டது. ஆனாலும் பின்னோக்கிப் புரட்டுபவருக்கு அது அங்கேயே இருக்கிறது. துப்பறிபவர் காணும் தடயத்தை வாசகரிடமிருந்து மறைக்கக் கூடாது என்று ஆங்கிலத் துப்பறியும் கதாசிரியர் ரொனால்டு நாக்ஸ் 1929இல் வகுத்த விதியை நான் மனதார ஏற்கிறேன்.

கொலைக்கான காரணத்தைத் தொழிலின் சட்டங்களே தந்தன. வணிகர்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு ஏலத்தில் போட்டியிடாமல் இருப்பதை பிரிட்டன் 1927இலேயே சட்டம் போட்டுத் தடுத்தது; அப்படிப் பேசிவைத்துக் கூஜாவை மலிவாக எடுக்க முயன்ற கூட்டத்தில் ஒருவர் பின்வாங்குகிறார். மேசை, நாற்காலி பற்றிச் சேகரித்தவற்றில் பெரும்பகுதியை விட்டுவிட்டேன். பழைய அலமாரி என்று விற்கப்படும் ஒன்றில் 1930களில் சந்தைக்கு வந்த, தலையில் கூட்டல்குறிப் பள்ளம் கொண்ட பிலிப்ஸ் திருகாணி தென்படும் ஒரு பத்தி மட்டும் நின்றது.

எங்கே சிரிக்கக் கூடாது என்பதிலும் உறுதியாக இருந்தேன். பொருளின்மீது மனிதர் கொள்ளும் பேராசையைப் பார்த்துச் சிரிக்கலாம். இறந்தவரின் மகள் கடையைப் பூட்டும் அத்தியாயத்தில் ஒரு வேடிக்கை வரிகூட இல்லை. இறுதி விளக்கக் காட்சியைப் பாதியாகக் குறைக்க முடிந்தது. அதில் கூஜா கையிலெடுக்கப்பட்டதுமே, புதிதாகப் படித்தவர்கள் அந்த அம்மையாரின் வசவைத் தாங்களாகவே நினைவுகூர்ந்தார்கள்.