அப்பாவின் கையும் குரலும்

சிங்கப்பூர்த் தேக்கா கடையில் அப்பா இப்போது தே தாரிக்கை, அந்த நுரை பொங்க ஆற்றிய பால் தேநீரை, சிந்தாமல் குடிக்கிறார். பார்கின்சன் நோயின் நடுக்கத்துக்காக, மூளையின் ஆழத்தில் சப்தலாமிக் நியூக்ளியஸ் என்ற சிறு பகுதியில் பொருத்திய மின்முனைகள் நொடிக்கு 130 துடிப்புகள் அனுப்புகின்றன. பேட்டரி நெஞ்சுத் தோலுக்கடியில்.

ஆனால் அதைப் பொருத்திய பின் பேச்சு குழறியது. அவர் ஆர்டர் சொன்னால் கடைக்காரத் தம்பி என் முகத்தைப் பார்ப்பார். அதுதான் எனக்கு வலித்தது. நாக்கையும் உதட்டையும் இயக்கும் நரம்பிழைகள் அந்த மின்முனைகளின் பக்கத்திலேயே ஓடுகின்றன. மின்சாரம் அங்கே பரவினால் பேச்சு இப்படிக் குழறும். அளவைக் குறைத்ததும் குரல் தெளிந்தது, நடுக்கம் லேசாகத் திரும்பியது. சரி, பரவாயில்லை என்றார் அப்பா.

சொற்கள் சட்டென வராதது மட்டும் மாறவில்லை. இந்தச் சிகிச்சைக்குப் பின் பலருக்கும் அப்படித்தான். நான் சொல்லை எடுத்துக்கொடுப்பதில்லை, காத்திருக்கிறேன். நேற்று 'கறிவேப்பிலை' வர வெகுநேரம் ஆனது. வந்தது.