பௌதிகவியலில் ஒரு சாதாரண சித்தி

2024ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகிவிட்டன என்ற செய்தி வந்த 2025 ஏப்ரல் 26ஆம் திகதி சனிக்கிழமை, நான் சுன்னாகத்தில் என் தங்கையின் வீட்டு விறாந்தையில் இருந்தேன். மருமகள் தன் சுட்டெண்ணை மூன்று தடவை தட்டிய பிறகுதான் பரீட்சைத் திணைக்களத்தின் பக்கம் திறந்தது. உயிரியல் பி, இரசாயனவியல் சி, பௌதிகவியல் எஸ், அதாவது சாதாரண சித்தி மட்டும். அதை வாசித்துவிட்டுத் தொலைபேசியை என் கையில் தந்தவள், ஒன்றும் பேசாமல் கிணற்றடிக்குப் போய், கொடியில் காய்ந்து கிடந்த உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து மடிக்கத் தொடங்கினாள். அவள் அதுவரை அந்த வீட்டில் தானாக உடுப்பு மடித்ததை நான் கண்டதில்லை.

சாதாரண தரத்தில் ஒன்பது ஏ எடுத்த பிள்ளை அவள். யாழ்ப்பாணத்தில் ஒன்பது ஏ எடுத்தவரிடம் எந்தப் பிரிவில் படிக்கப் போகிறீர் என்று எவரும் கேட்பதில்லை. உயிரியலா, கணிதமா என்று மட்டுமே கேட்பார்கள். உயிரியல் என்று சொன்ன அன்றே அவளை வைத்தியர் ஆக்கிவிட்டார்கள். ஆகவே அந்தச் சனிக்கிழமை வந்த தொலைபேசி அழைப்புகள் எல்லாம் விசாரிப்பாக அல்லாமல் துக்கம் கேட்பது போலவே இருந்தன. என் தங்கை அடுத்த வாரம் நடந்த உறவுக்காரர் கலியாணத்துக்குப் போகவில்லை. மச்சான் கடைக்குப் போகும் பாதையை மாற்றிக்கொண்டார்.

நானும் பிழை விட்டேன். அன்று மாலை அவளுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, "நாங்கள் சண்டைக்குள்ளே குப்பி விளக்கிலே படித்தோம், உங்களுக்கு என்ன குறை வைத்தோம்?" என்று கேட்டுவிட்டேன். என் வயதுக்காரர் அனைவரும் ஒருமுறையாவது சொல்லியிருக்கும் வசனம் இது. அவள் பதில் சொல்லாமல் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகு எட்டு நாட்கள் என்னோடு பேசவில்லை.

அந்த எட்டு நாட்களில் என் சொந்தக் கதையை நேர்மையாக நினைத்துப் பார்த்தேன். நான் உயர்தரத்துக்கு முதன்முதலாகத் தோற்றியது 1994இல். அப்போது நான்கு பாடங்கள், உயிரியல் என்பது தாவரவியல், விலங்கியல் என்று இரண்டாகப் பிரிந்திருந்தது. மண்ணெண்ணெய் விளக்கும் இடப்பெயர்வும் உண்மைதான். ஆனால் என் பெறுபேறு குறைந்ததற்கு விளக்கு மட்டும் காரணமல்ல, நான் இரசாயனவியலைப் பாதி ஆண்டு திறந்தும் பார்க்கவில்லை என்பதும் உண்மை. யுத்தம் நடந்தபடியால் அந்தப் பாதியைப் பற்றி எவரும் என்னிடம் கேட்கவில்லை. தோற்றவனுக்கு மதிப்பான ஒரு காரணம் இருந்தது. பிறகு திறந்த பல்கலைக்கழகத்தில் படித்து ஒரு பட்டம் எடுத்து அரசாங்க வேலைக்கு வந்தபோது அதைச் சாதனை என்றும் சொன்னார்கள். அவளுக்கோ அப்படி ஒதுங்கி நிற்க நிழல் எதுவும் இல்லை. அதைத்தான் நான் குறை என்று கண்டுபிடித்துக் கேட்டிருக்கிறேன்.

ஒன்பதாம் நாள் மன்னிப்புக் கேட்டேன். அதன் பிறகு நாங்கள் இருவரும் முதலில் செய்தது எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவதல்ல, கையில் இருந்த பெறுபேற்றை ஒழுங்காக வாசிப்பது. வீட்டில் ஒருவரும் அதை வாசிக்கவே இல்லை, மூன்று எழுத்துகளைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். 2001 முதல் பல்கலைக்கழக அனுமதி நடப்பது இசட் புள்ளியைக் கொண்டு. ஒரு பாடத்தில் நாடு முழுவதும் தோற்றியவர்களின் சராசரி 40 என்றும், புள்ளிகள் பரந்திருக்கும் நியம விலகல் 15 என்றும் வைத்துக்கொண்டால், 55 எடுத்தவருக்கு அப்பாடத்தில் இசட் புள்ளி 1. 40 எடுத்தவருக்குப் பூச்சியம். 25 எடுத்தவருக்கு மறை 1. மூன்று பாடங்களிலும் கிடைப்பவற்றின் சராசரியே பெறுபேற்றுத் தாளில் அச்சாகும் அந்த நீண்ட தசம எண். பாடவாரியான புள்ளிகளைத் தாள் சொல்லாது. மொத்த இசட் புள்ளியையும் மாவட்ட நிலையையும் அகில இலங்கை நிலையையும் மட்டுமே சொல்லும்.

இதை ஒரு கொப்பியில் எழுதிக் காட்டியபோது அவள் முதன்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். பௌதிகவியல் கடினமாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் கடினமான தாளில் சராசரியும் கீழே இறங்கிவிடுவதால், அந்தக் கடினத்துக்கான ஈடு கணக்கிலேயே இருக்கிறது. ஆகவே தாளைக் குறை சொல்லிப் பயனில்லை. மறுபக்கத்தில், உயிரியலில் அவள் சராசரிக்கு எவ்வளவோ மேலே நிற்கிறாள் என்பதையும், ஒரே ஒரு பாடம் மற்ற இரண்டையும் கீழே இழுத்திருக்கிறது என்பதையும் அதே கணக்கு காட்டியது. "அப்போ நான் மொக்கு இல்லை" என்றாள். அந்தச் சொல்லை அவளுக்கு யார் கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

கொழும்பில் இருக்கும் பெரியப்பாவின் மகனோடு ஒப்பிடுவதும் அந்தக் கொப்பியோடு நின்றது. கலைப்பிரிவு தவிர்ந்த பெரும்பாலான துறைகளில் இடங்களின் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பவும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் பகிரப்படுகின்றன. ஒரே புள்ளியோடு ஒரு மாவட்டத்தில் உள்ளே போகலாம், இன்னொன்றில் வெளியே நிற்கலாம். எங்கள் மாவட்டத்தின் முன்னைய ஆண்டு வெட்டுப்புள்ளி அட்டவணையை எடுத்து அவளுடைய எண்ணுக்குப் பக்கத்தில் வைத்தோம். மருத்துவம் எட்டாது என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்தது. எட்டக்கூடியவை என்று அடையாளமிட்டவற்றின் பட்டியல், அவள் நினைத்ததைவிட நீளமாக இருந்தது.

இதற்கிடையில் வெளிநாட்டு உறவுகள் உதவிக்கு வந்துவிட்டார்கள். ரொறன்ரோவில் இருந்து ஒருவர் மாணவர் விசா என்றார். உள்ளூர் முகவர் ஒருவர் வீட்டுக்கே வந்து, வெளிநாட்டில் மருத்துவம் படிப்பதற்கு இலங்கை மருத்துவ சபை கேட்கும் அடிப்படைத் தகுதி இரண்டு சி, ஒரு எஸ் மட்டுமே, பிள்ளைக்கு அது தாராளமாக இருக்கிறது என்று தேத்தண்ணீர் ஆறுவதற்குள் சொல்லி முடித்தார். அவர் சொன்னது பொய்யல்ல. ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தைச் சபை அங்கீகரித்திருக்க வேண்டும், திரும்பி வந்த பிறகு சபை நடத்தும் பரீட்சையில் சித்தியடைந்தால்தான் இங்கே வைத்தியராகப் பதியலாம் என்ற இரண்டையும் அவர் சொல்லவில்லை. மச்சான் காணி உறுதியைத் தேடி எடுத்துவிட்டார். அதை மீண்டும் அலுமாரிக்குள் வைக்கச் சொன்னது மருமகள்தான். "நான் தோற்றால் காணியும் போய்விடும், அப்பா" என்று அவள் சொன்னபோது மச்சான் எழுந்து படலையடிக்குப் போனார்.

மருத்துவம் உனக்கு வேண்டுமா, வேண்டாமா என்று ஒருநாள் நேராகவே கேட்டேன். வேண்டாம் என்று இல்லை, ஆனால் போன இரண்டு வருடம் போல இன்னொரு வருடம் இருக்க ஏலாது என்றாள். அவளுடைய சங்கடம் மருத்துவத்தில் இல்லை, அந்த இரண்டு வருடங்களில் இருக்கிறது என்பது அந்தப் பதிலில்தான் எனக்குப் புரிந்தது. பாடசாலை முடிந்து பேருந்தில் யாழ்ப்பாண நகரம்; அங்கே பௌதிகவியலுக்கு மட்டும் மூன்று தனியார் வகுப்புகள், ஒவ்வொன்றும் மண்டபம் நிறைந்த பிள்ளைகளோடு; இரவு ஒன்பது மணிக்கு வீடு; மூன்று ஆசிரியர்களின் மூன்று விதமான குறிப்புகள். வகுப்புக் குறையக்கூடாது என்பதற்காகக் கட்டிய காசு, அவளுக்குத் தனியாக இருந்து ஒரு கணக்கைச் செய்து பிழைவிட்டுப் பார்க்கும் நேரத்தைப் பறித்துவிட்டது.

இதை ஊகமாக விடாமல் சோதித்துப் பார்த்தோம். ஒரு பழைய பௌதிகவியல் வினாத்தாளின் முதற்பகுதியை எடுத்து, சாப்பாட்டு மேசையில் மணிக்கூட்டை வைத்து, இரண்டு மணித்தியாலத்தில் 50 பல்தேர்வு வினாக்களையும் செய்யச் சொன்னேன். மணி முடிந்தபோது 36ஆவது வினாவில் நின்றாள். செய்தவற்றில் பெரும்பாலானவை சரி. மீதிப் பதினான்கில் பலவற்றைப் பிறகு நேரம் கொடுத்தபோது சரியாகவே செய்தாள். வீட்டில் நேரம் வைத்து ஒரு வினாத்தாளின் முதற்பகுதியை அவள் தனியாகச் செய்தது அதுவே முதற்தடவை. இரண்டு ஆண்டு வகுப்புக் கட்டணத்துக்குப் பிறகு தெரியவந்த விடயம் இது.

இரண்டாம் தடவை எழுதுவதா என்ற கேள்விக்கு அதுவரை வீட்டில் இரண்டே பதில்கள் இருந்தன. எழுதத்தான் வேண்டும் என்றார் தாய். பிள்ளையை வருத்த வேண்டாம் என்றார் தகப்பன். இரண்டும் அன்பில் சொன்னவைதான், ஆனால் எதுவும் கணக்கில் சொன்னதல்ல. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைகள் தோற்றலாம் என்பதற்காக மூன்றையும் எழுதித் தீர்க்க வேண்டியதில்லை. சென்றமுறை எங்கே புள்ளி போனது என்று தெரியாமல் அதே வகுப்புகளில் அதே கதிரையில் மீண்டும் இருப்பவருக்கு இரண்டாம் தடவை பெரும்பாலும் முதற்தடவையின் பிரதியாகவே முடிகிறது. இவளுக்கோ பிழை எங்கே என்று தெரிந்துவிட்டது, அடுத்த பரீட்சை நவம்பரில், கையில் ஆறு மாதம். எழுதுவதாக அவளே முடிவெடுத்தாள். நிபந்தனையும் அவளே போட்டாள்: பௌதிகவியலுக்கு ஒரே ஒரு வகுப்பு, மற்ற இரண்டுக்கும் வகுப்பே இல்லை. என் தங்கைக்கு அன்று நித்திரை வந்திருக்காது.

ஆனாலும் கையில் இருக்கும் பெறுபேற்றை வீணாக்கக் கூடாது. மூன்று பாடங்களிலும் ஒரே அமர்வில் குறைந்தது சாதாரண சித்தியும், உயர்தரத்தோடு சேர்த்து எழுதும் பொதுச் சாதாரண பரீட்சையில் 30 புள்ளியும் இருந்தால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பிக்கலாம். அதன் கைந்நூலை வாங்கி மேசையில் விரித்தபோதுதான் தெரிந்தது, உயிரியல் பிரிவு என்ற வாசலுக்குப் பின்னால் எத்தனை அறைகள் இருக்கின்றன என்று: தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், கிளிநொச்சியில் விவசாயம், பேராதனையில் மிருக வைத்தியம், இன்னும் பெயரைக் கேட்டதும் மச்சான் சிரித்த சில. துறையும் பல்கலைக்கழகமும் சேர்ந்த ஒவ்வொன்றுக்கும் ‘யுனி-கோட்’ என்ற ஒரு குறியீட்டு இலக்கம். அவற்றை விருப்ப ஒழுங்கில் நிரப்ப வேண்டும். புள்ளி இடங்கொடுக்கும் தெரிவுகளுள் மேலே இருப்பதுதான் கிடைக்கும் என்பதால், "கிடைக்கக்கூடியதை மேலே போடுவோம்" என்ற தந்திரம் இங்கே ஆபத்தானது. விரும்பாத ஒன்றை மேலே போட்டவருக்கு அதுவே கிடைத்துவிடும். இதை என் தங்கைக்கு விளங்கப்படுத்த ஒரு முழுப் பின்னேரம் போயிற்று. தெரிந்தவர்களின் பிள்ளைகளுக்கு அவர்கள் நிரப்பிய ஒழுங்கைப் பார்த்து நிரப்ப வேண்டும் என்பதே அவளுடைய எண்ணமாக இருந்தது.

சித்த மருத்துவத்தில்தான் பெரிய சண்டை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவப் படிப்பு கைதடியில் நடக்கிறது. வீட்டில் இருந்தே போய் வரலாம். "வைத்தியர் ஆக முடியாதவர்கள் போகும் இடம்" என்றாள் தங்கை. எங்களுடைய அப்பப்பா பரியாரியார், நாட்டு வைத்தியர். இரவில் பாம்புக்கடி, முறிவு என்று ஆட்கள் வண்டில் கட்டிக்கொண்டு வந்து எங்கள் படலையைத் தட்டியது அவளுக்கும் எனக்கும் நன்றாக நினைவிருக்கிறது. அந்த மனிதரின் பேத்தி வாயில் இந்த வசனம் வந்ததை நினைத்தால் சிரிப்பதா, கவலைப்படுவதா என்று தெரியவில்லை. மருமகள் இந்த வாக்குவாதத்தில் வாய் திறக்கவில்லை. ஆனால் கைதடிக்குப் போய், அங்கே படிக்கும் தன் பாடசாலை அக்கா ஒருவரோடு அரைநாள் இருந்துவிட்டு வந்து, தன் பட்டியலில் அதை நான்காவதாக எழுதினாள். மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் மூன்றாவது. முதல் இரண்டும் மருத்துவம்தான். கிடைக்காது என்று தெரிந்தே எழுதினாள். இருக்கட்டும் என்றேன். அதனால் கீழே இருப்பவற்றுக்கு ஒரு சேதமும் இல்லை.

பட்டியலுக்கு வெளியேயும் சிலவற்றைப் பார்த்து வைத்தோம்: மூன்றாண்டு தாதியர் பயிற்சி, கோப்பாயில் உள்ள தேசிய கல்வியியற் கல்லூரி, நான் படித்த அதே திறந்த பல்கலைக்கழகம். இவற்றைத் தோற்றவர்களுக்கான இடங்களாகச் சொல்லாமல், அனுமதி எப்போது, பயிற்சி எவ்வளவு காலம், முடிந்தால் என்ன வேலை என்ற விபரங்களாக மட்டும் ஒரு தாளில் எழுதி அவளுடைய கொப்பிக்குள் வைத்தேன். அவள் அதைக் கிழித்துப் போடவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

சனிக்கிழமைகளில் காலை எட்டு மணிக்கு அந்த வீட்டில் தொலைக்காட்சி நிற்பாட்டப்படுகிறது. மச்சான் மணிக்கூட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விடுவார். பத்து மணி வரை உள்ளே ஒருவரும் போகக்கூடாது. இரண்டாவது சனிக்கிழமை 38, மூன்றாவது 37, அன்று அழுதாள். கடந்த சனிக்கிழமை நான் போனபோது பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. விறாந்தையில் இருந்து பார்த்தேன். பேனையை வைத்துவிட்டு யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டாயா என்று சைகையில் கேட்டதற்கு, இல்லை என்று தலையாட்டிவிட்டு, விரல்களால் நாற்பத்தேழு என்று காட்டினாள்.